மீடியம் அக்காவின் இடுப்பு

அந்தத் துணிக் கம்பெனியின் மேல்மாடியில், சாம்பிள் அறையின் நடுவில், ஒரு வட்டப் பலகை உண்டு. முழங்கால் உயரம்கூட இருக்காது. புதிதாகத் தைத்த எந்த உடையும் கடைக்குப் போவதற்கு முன், அந்தப் பலகைமேல் நிற்கும் ஒருத்தியின் உடம்பில் ஏறி இறங்கியாக வேண்டும். அவளுக்குப் பொருந்தினால் அதே அளவில் ஆயிரக்கணக்கில் வெட்டுவார்கள். பொருந்தாவிட்டால் வெட்டுக் காகிதத்தைத் திருத்துவார்கள். அந்த ஒருத்திக்குக் கம்பெனியில் மீடியம் அக்கா என்று பெயர். அவளுடைய கணவனே சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறான்.

பலகையில் நிற்பதற்குப் படிப்போ அழகோ தேவையில்லை. உடம்பு அளவு மாறாமல் இருந்தால் போதும். இடுப்பு ஒரு விரல் பெருத்தால் இடம் போய்விடும். அந்த இடத்தைக் காப்பாற்ற அவள் எதையெல்லாம் விட்டாள் என்று அவளைக் கேட்டால், ஒன்றும் விடவில்லையே என்றுதான் பல காலம் சொல்லியிருப்பாள்.

அவள் மெஷினில் உட்காரத்தான் வந்தாள். அப்போது இருபது வயது. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வாசலில் வரிசை கட்டிய பெண்களில் ஒருத்தி. அந்தச் சமயம் பார்த்து முதலாளிக்கு ஒரு யோசனை வந்திருந்தது. மற்ற கம்பெனிகளின் அளவைக் காப்பியடித்தது போதும், நம் பெண்களை அளந்து, சராசரி பார்த்து, நமக்கென்று ஓர் அளவு போடுங்கள் என்று, வெட்டுக் காகிதம் போடுகிற பேட்டர்ன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டார். மாஸ்டர் கத்தரியைப் பிடித்தால் கோடு பிசகாதவர். ஆனால் முன்பின் தெரியாத பெண்களை நிறுத்தி அளவு கேட்டால் செருப்புத்தான் பேசும். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவருக்கு ஒரு காலையில் வாசலைப் பார்த்ததும் வழி கிடைத்துவிட்டது. வேலை கேட்டு வந்தவள் எதையும் மறுக்க மாட்டாள். தையல் பிரிவிலிருந்து ஒரு மூத்த பெண்ணின் கையில் டேப்பைக் கொடுத்து, வரிசையை அப்படியே அளக்கச் சொன்னார். அடுத்தடுத்து ஆள் எடுத்தபோதும் இதே ஏற்பாடுதான். கைக்குழந்தையோடு வந்தவர்களை வாட்ச்மேன் வாசலுக்கு வெளியிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். பிள்ளைக்காரிகளை எடுப்பதில்லை என்பது அங்கே யாரும் எழுதி ஒட்டாத சட்டம்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தார். தோள் இவ்வளவு, மார்பு இவ்வளவு, இடுப்பு இருபத்தாறு இஞ்சு என்று கிடைத்தது. பெருமையாக இருந்தது. அப்புறம்தான் சிக்கல். அந்தச் சராசரிப் பெண்ணை நேரில் நிறுத்தித் துணி போட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். அப்படி ஒருத்தி கிடைக்கவே இல்லை. தோள் சரியாக இருந்தவளுக்கு இடுப்பு உதைத்தது. இடுப்பு சரியாக இருந்தவளுக்குக் கை நீண்டது. அளந்த அத்தனை பேரையும் சேர்த்து வகுத்தால் வருகிற பெண், அளந்தவர்களில் ஒருத்தியாக இருந்தே தீர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. மாஸ்டர் அப்படி யோசிக்கிற ஆள் இல்லை. தேடினார். கடைசியில் இவள் வந்து நின்றாள். மேல்கை மட்டும் அரை இஞ்சு குறைவு. மற்றதெல்லாம் அச்சு.

“நீதாம்மா நடு. எல்லாருக்கும் நடுவுல இருக்கே” என்றார் மாஸ்டர்.

அதுவரை அவளை யாரும் எதற்கும் நடுவில் வைத்ததில்லை. வீட்டில் அக்காவின் அழகுக்கும் தம்பியின் படிப்புக்கும் பிறகுதான் அவள் பேச்சு வரும். மற்றவர்கள் கீழ்மாடியில் மெஷினுக்குப் போனார்கள். அவள் பலகை ஏறினாள்.

வேலை லேசு என்று கீழே பேசிக்கொண்டார்கள். சும்மா நிற்பதற்குச் சம்பளம் என்று ஒருத்தி கேலி செய்தாள். நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கையைத் தூக்கு, இறக்கு, குனி, திரும்பு, மூச்சைப் பிடிக்காதே. குண்டூசி எங்கே ஏறும் என்று சொல்ல முடியாது. அக்குளில் பிடிக்கிறதா, கழுத்தில் இழுக்கிறதா என்று கேட்கும்போது சரியாகச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் முதல் காரியம் அவளை அளப்பது. இருபத்தாறில் டேப் நின்றால் மாஸ்டர் தலையாட்டுவார். ஒரு நூல் தள்ளி நின்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “ஏதாவது கல்யாணத்துக்குப் போயிருந்தியா?” என்று மட்டும் கேட்பார். அந்த வாரம் முழுக்க அவள் தட்டில் பாதிதான் விழும்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியின் சரக்கு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கியபோது சரிசெய்ய வந்தவன், அந்த வேலையை மூன்று நாளுக்கு இழுத்தான். நான் மேலேயும் கீழேயும் போறவன், நீ நடுவுல நிக்கிறவ, நம்ம ரெண்டு பேருக்கும் எங்கேயாவது ஒரு மாடியில சந்திப்பு உண்டு என்றான். எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருப்பவன். கல்யாணமான புதிதில் அவள் சோற்றை ஒதுக்குவதைப் பார்த்து, உன்னைக் கட்டினது எனக்கு லாபம்தான், அரை ஆள் செலவுல ஒரு பொண்டாட்டி என்று சிரித்தான். அவன் சீண்டாத விஷயம் ஒன்றே ஒன்று. பிள்ளை வேண்டும் என்று கேட்டபோது மட்டும் வேடிக்கை இல்லாமல் கேட்டான்.

அவள் மாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். கூச்சத்தோடுதான் சொன்னாள். மாஸ்டர் கோபப்படவில்லை. மகளிடம் பேசுகிற மாதிரி, “இந்த சீசன் முடியட்டும்மா. இப்ப நீ இறங்கினா கம்பெனியே நின்னுடும்” என்றார்.

துணித் தொழிலில் சீசன் எப்படி என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வெயிலில் குளிர்காலச் சட்டையும் குளிரில் வெயில்காலச் சட்டையும் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்று முடிவதற்குள் அடுத்தது பலகைக்கு வந்துவிடும். அவளும் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு கேட்பது குறைந்தது. அதற்கும் பிறகு, அவர்கள் இருவரும் டாக்டரிடம் போனபோது, டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்றார். கணவன் திரும்பி வரும் வழியில் ஏதோ ஒரு கட்டடத்து லிஃப்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான்.

நாத்தனார் ஒருத்தி இருந்தாள். கணவனுக்குத் தங்கை, மூன்று பிள்ளைக்காரி, வாய்க்காரி. அவளுடைய பிறந்தநாளுக்குக் கம்பெனியின் புது கவுன் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள் மீடியம் அக்கா. மீடியம் சைஸ்தான். நாத்தனார் நிதானமான உடம்புக்காரி, மீடியத்துக்கு மேல் எதற்கு என்று நினைத்துவிட்டாள். உள்ளறைக்குப் போன நாத்தனார் ஜிப் பாதியில் நிற்க வெளியே வந்தாள். பிள்ளைகள் மூன்றும் விழுந்து சிரித்தன.

“ஏன் அண்ணி, உங்க கம்பெனிக்காரங்க புள்ள பெத்தவளைக் கண்ணாலயே பார்த்ததில்லையா?”

“இது நாங்களா இஷ்டத்துக்குப் போட்டதில்ல. சராசரி. எல்லாரையும் அளந்து போட்டது” என்றாள் மீடியம் அக்கா. கொஞ்சம் விட்டு, “நீதான் கொஞ்சம் குறைக்கணும்” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அதைச் சொன்னபோது அவளுக்கு இருந்த நிம்மதியை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளை பெற்றவள் ஓரத்தில் இருக்கிறாள், பெறாத தான் நடுவில் இருக்கிறாள். இதைச் சொல்வது அவள் இல்லை, கணக்கு. ஒருத்திக்கு ஆறுதல் தேவைப்பட்டால் அவள் அதைக் கணக்கிலிருந்துகூட எடுத்துக்கொள்வாள். மற்ற இடங்களில் கிடைக்கிற ஆறுதல் இதைவிட உசத்தி என்றும் சொல்ல முடியாது.

கடைகளிலிருந்து உடைகள் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தன. இடுப்பில் பிடிக்கிறது என்பதே பெரும்பாலான புகார். மாஸ்டர் அதற்குப் பதில் வைத்திருந்தார். பொருந்தினவள் கடிதம் போட மாட்டாள், பொருந்தாதவள்தான் போடுவாள், பெண்கள் இப்போது கண்டதைத் தின்கிறார்கள், அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்பார். எல்லோரும் தலையாட்டினார்கள். பலகைமேல் நின்றவளும் தலையாட்டினாள்.

முதலாளி போய் மகன் வந்தான். திரும்பி வந்த மூட்டைகளைக் கிடங்கில் பார்த்தவன், புள்ளியியல் படித்த ஓர் இளைஞனைக் கூட்டிவந்தான். எந்நேரமும் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருந்ததால் தையல்காரிகள் அவனுக்குப் புள்ளி சார் என்று பெயர் சூட்டினார்கள். மரியாதையான பையன். எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். கம்பெனித் துணி விற்கிற கடைகளில் ஆள் போட்டு, துணி எடுக்க வந்த பெண்களைக் கேட்டு, சம்மதித்தவர்களை எல்லா வயதிலும் அளந்து வரச் செய்திருந்தான். சம்மதித்தவர்களுக்கு விலையில் தள்ளுபடி. அளந்து வந்ததைக் காட்ட ஒரு கூட்டம் வைத்தான். அதற்கு முந்தின நாள் மீடியம் அக்காவையும் அளந்துகொண்டான். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றான். வழக்கம்போல அவள் கையைத் தூக்கி நின்றாள்.

கூட்டத்துக்கு அவளையும் உட்காரச் சொன்னார்கள். மாஸ்டர், சின்ன முதலாளி, கட்டிங் ஆட்கள், தையல் சூப்பர்வைசர்கள். புள்ளி சார் திரையில் முதலில் உயரத்தைக் காட்டினான். கவிழ்த்து வைத்த மணி மாதிரி ஒரு வளைவு. நடுவில் பெருங்கூட்டம், இரண்டு பக்கமும் சரிந்துகொண்டே போய் ஓரங்களில் ஒன்றிரண்டு பேர். இயல்நிலைப் பரவல் என்று பெயர் சொன்னான்.

“இப்படிச் சமமா சரிஞ்சா வசதி. கூட்டி வகுத்தா வர்ற சராசரி, எல்லாரையும் வரிசையா நிறுத்தினா நடுவுல நிக்கிற ஆளோட அளவு, நிறைய பேருக்கு இருக்கற அளவு, மூணும் ஒரே இடத்துல வந்து உட்கார்ந்துடும். நம்ம அக்கா உயரத்துல அங்கதான் இருக்காங்க, பாருங்க.”

உச்சிக்கு நேர் கீழே ஒரு சிவப்புப் புள்ளி. எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் அந்த அறையில் சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்தது இடுப்பு. இந்த வளைவு சமமாக இல்லை. வலப்பக்கம் நீளமாக வால் இழுத்துக்கொண்டு கிடந்தது. அந்த வால் சராசரியையும் தன் பக்கம் இழுக்கும், அதனால் இங்கே வரிசையில் நடுவில் நிற்பவளின் அளவைப் பார்ப்பதுதான் நியாயம் என்று விளக்கினான். எதைப் பார்த்தாலும் முப்பதைத் தாண்டித்தான் இருந்தது. சிவப்புப் புள்ளி மலை தொடங்குவதற்கு முன்னால், இடது ஓரத்தில், ஏறக்குறையத் தரையில் கிடந்தது.

திட்டவிலக்கம் என்று ஒன்றைச் சொன்னான். சின்ன முதலாளிக்குப் புரியவில்லை. “அது ஒரு எட்டு மாதிரி சார். சராசரியிலேர்ந்து ஆளுங்க பொதுவா எவ்வளவு தள்ளி நிக்கிறாங்கன்னு காட்டுற எட்டு. நடுவுலேர்ந்து இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு வச்சா, மூணுல ரெண்டு பேர் சுமாரா அதுக்குள்ள அடங்கிடுவாங்க. நம்ம மீடியம் ஒன்றரை எட்டுக்கும் வெளியில இருக்கு. நூறு பேர்ல நாலஞ்சு பேருக்குத்தான் அதைவிடச் சின்ன இடுப்பு. நாம நடுன்னு வச்சது ஓரம் சார்.”

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். நானும் அளந்துதான் போட்டேன், ஒருத்தரையும் விடவில்லை, கூட்டலில் தப்பிருந்தால் காட்டு என்றார். புள்ளி சார் பணிவாகத்தான் கேட்டான், யாரை அளந்தீர்கள் என்று. வாசலில் வேலைக்கு வந்தவர்களை என்றார் மாஸ்டர். அவர்களுக்கு என்ன வயது என்றான். பதினெட்டு, இருபது. கல்யாணமானவர்கள்? மாஸ்டர் யோசித்தார். பிள்ளை பெற்றவர்கள்? மாஸ்டர் யோசிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“கூட்டல்ல தப்பே இல்ல மாஸ்டர். நீங்க ஊரை அளக்கல. உங்க வாசலை அளந்திருக்கீங்க” என்றான் புள்ளி சார்.

மீடியம் அக்காவுக்கு அந்த வாசல் ஞாபகம் வந்தது. அந்த வரிசையில் நின்றவர்கள் பாதிப்பேர் காலையில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அவளும் அன்று ஒரு டம்ளர் டீயோடுதான் வந்திருந்தாள். அந்த வயிறுகளையெல்லாம் கூட்டி வகுத்து வந்ததைத்தான் இத்தனை வருஷமாகக் காத்து வந்திருக்கிறாள்.

புள்ளி சார் விடவில்லை. அவனுக்கு இன்னும் ஒரு படம் இருந்தது, அதுதான் அவனுக்குப் பிடித்த படம். கீழே வயது, பக்கவாட்டில் இடுப்பு. ஒவ்வொரு பெண்ணும் ஒரு புள்ளி. தேனீக் கூட்டம் மாதிரி கலைந்து கிடந்தாலும் கூட்டம் மேல் நோக்கித்தான் போனது. அதன் ஊடே ஒரு கோட்டை இழுத்தான். தொடர்புப்போக்குக் கோடு என்றான். வயதைச் சொன்னால் இடுப்பு சுமாராக இவ்வளவு இருக்கலாம் என்று இந்தக் கோடு சொல்லும், யாருக்கும் சரியாகச் சொல்லாது, மொத்தத்துக்குச் சொல்லும். நாற்பத்தைந்தைத் தாண்டிய இடத்தில், கோட்டுக்கு வெகு கீழே, தனியாக, சிவப்புப் புள்ளி.

அந்த இடைவெளியை அவன் பேனாவால் தொட்டுக் காட்டினான். “இது ஆச்சரியம். வயசை மட்டும் வச்சு இந்தத் தூரத்தை விளக்க முடியாது. வேற ஏதோ காரணம் இருக்கணும். இல்லேன்னா அளந்ததுல தப்பு.”

அளந்ததில் தப்பிருக்குமோ என்று சின்ன முதலாளியும் கேட்டான். மாஸ்டர் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். அவள் எழுந்து நின்று கைகளைத் தூக்கினாள். பழக்கம். அத்தனை பேர் பார்க்க, டேப் இருபத்தாறில் வந்து நின்றது. மாஸ்டர் தலையாட்டினார். அதுவும் பழக்கம்தான்.

“அப்போ அளவு சரி” என்றான் புள்ளி சார். “இப்படி ஒரு புள்ளி தனியா விழுந்தா, அது கோட்டை இழுக்குதான்னு பார்க்கணும். இப்ப அக்காவை எடுத்துட்டுப் பார்ப்போம்.”

ஒரு விசையைத் தட்டினான். சிவப்புப் புள்ளி மறைந்தது. கோடு அசையவே இல்லை. அவனுக்கு அதில் திருப்தி. பாருங்கள், இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றான். கணக்குப்படி அவன் சொன்னதில் பிழை இல்லை. அவனை வையவும் அவளுக்கு வாய் வரவில்லை. பொய் சொன்னவர் என்று கைகாட்ட ஓர் ஆள் இருந்தாலாவது வசதியாக இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு மாஸ்டர் அவளிடம் வந்தார். வயதாகிவிட்டது அவருக்கு. அன்னைக்கு வாசல்ல வேற யாரும் வரலைம்மா என்றார். மன்னிப்பு மாதிரியும் இருந்தது, நியாயம் பேசுவது மாதிரியும் இருந்தது.

“வந்தாங்க மாஸ்டர். வாட்ச்மேன் அனுப்பிட்டான்” என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல், “எந்த சீசன் மாஸ்டர் முடிஞ்சுது?” என்று கேட்டாள்.

அவர் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து, திரும்பப் பிரித்து, மறுபடி சுற்றினார்.

வீட்டில் கணவனிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மலை, வால், கோடு எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் விரலால் வரைந்து காட்டினாள். பழக்கதோஷத்தில் அவனுக்கு வேடிக்கைதான் முதலில் வந்தது.

“அப்போ இத்தனை வருஷமா நடுவுல நின்னது என் தங்கச்சிதானா?”

சிரிக்க ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. தான் சொன்னது என்ன என்று அப்போதுதான் அவனுக்கே எட்டியது. எழுந்து போய்த் தன் வேலைப் பையைத் திறந்து ஸ்பேனர்களைத் துடைத்தான். துடைக்க வேண்டிய அழுக்கு அவற்றில் இல்லை. அவன் அவளைக் குறை சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் மறுத்துப் பேசியிருக்கலாம்.

கம்பெனி அவளை வெளியே அனுப்பவில்லை. நல்லவர்கள் என்று இதற்காக அவர்களைப் பாராட்டலாம், அதற்குமேல் வேண்டாம். பலகைக்குப் புது ஆள் தேடினார்கள். பிள்ளை பெற்ற, முப்பத்தைந்து நாற்பது வயதுள்ள, இடுப்பு முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருத்தி. புள்ளி சார் அவளிடமே வந்து, உங்க வீட்டுப் பக்கம் யாராவது இருக்காங்களா அக்கா என்று கேட்டான். அவளுக்கு நாத்தனாரின் உடம்பு மனப்பாடம். எத்தனையோ விசேஷங்களில் அந்த இடுப்பைக் கண்ணால் அளந்து உள்ளுக்குள் திருப்திப்பட்டிருக்கிறாள். தோள், மார்பு, இடுப்பு எல்லாம் திரையில் பார்த்த புது எண்களோடு ஒட்டிக்கொண்டு நின்றன. நாத்தனாருக்கு வேலையும் தேவைப்பட்டது.

“யாரும் இல்ல தம்பி” என்றாள்.

வேறு ஒருத்தியைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறவள். மீடியம் அக்காவுக்குக் குண்டூசிப் பெட்டியைக் கொடுத்தார்கள். பேர் மட்டும் மாறவில்லை. கூப்பிட்டுப் பழகியவர்கள் இப்போதும் அவளைத்தான் மீடியம் அக்கா என்கிறார்கள். புதியவளுக்கு இன்னும் யாரும் பேர் வைக்கவில்லை.

முதல் நாள் புதியவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூச்சத்தோடு பலகை ஏறினாள். பலகையின் நடுவில் இரண்டு பாதம் வைக்கிற இடத்தில் மட்டும் மரம் தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. புதியவளின் கால்கள் தானாகவே அங்கே போய்ப் பொருந்தின. மீடியம் அக்கா அவளுக்கு முன்னால் முட்டி போட்டு, வாயில் குண்டூசிகளோடு, கவுனின் இடுப்பைப் பிடித்தாள். துணி தளர்வாக வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். புதியவள் மூச்சை அடக்கி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, முகத்தில் ஒரு பெருமையோடு நின்றாள்.

மீடியம் அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டைக் காலரில் குத்தினாள்.

“வயித்தை விடு” என்றாள். “இங்க இப்ப அதுக்குச் சம்பளம் கிடையாது.”